இதயப் பரிசோதனைத் தொகுப்பு வாங்கும் முன்: சிங்கப்பூரில் இரண்டு சேவைகள் பற்றிய மதிப்புரை

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் நிகழும் மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இதயநோயாலும் பக்கவாதத்தாலும் நேர்கிறது. அதிலும் நம் சமூகத்தில் மாரடைப்பு முந்தி வருகிறது என்பதை விளக்க ஆய்வறிக்கை தேவையில்லை. நான்கு வீடுகளில் விசாரித்தாலே போதும். ஆகவே நாற்பதைத் தாண்டியவர்களுக்கென்று நகரின் பல இடங்களிலும் "இதயப் பரிசோதனைத் தொகுப்பு" விற்கப்படுவதில் வியப்பில்லை. நகரின் மையப் பகுதியில் உள்ள தனியார் நிலையம் ஒன்றில் அத்தகைய தொகுப்பை நான் எடுத்துக்கொண்டேன். சில வாரங்கள் கழித்து, வீட்டருகே உள்ள குடும்ப மருந்தகத்தில் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தின்கீழ் கட்டணமின்றிக் கிடைக்கும் பரிசோதனையையும் செய்துகொண்டேன். இந்த இரண்டைப் பற்றியும், முக்கியமாக "அடுத்த பத்து ஆண்டுகளில் உங்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு இத்தனை விழுக்காடு" என்று இவை சொல்லும் கணிப்பைப் பற்றியும் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்த் தமிழர் ஒருவருக்கு, விலை மிகுந்த தொகுப்பு தந்த கணிப்பைவிடக் கட்டணமில்லாப் பரிசோதனை தந்த கணிப்பே பொருத்தமாக இருந்தது. அதற்குக் காரணம் கருவிகளின் தரமோ ஆய்வகத்தின் தரமோ அன்று. அந்தக் கணிப்பு யாருடைய உடல்களைக் கண்காணித்து உருவாக்கப்பட்டது என்பதுதான்.

தனியார் தொகுப்பின் விலை, கால்சியம் ஸ்கேனையும் சேர்த்தால், ஆயிரம் வெள்ளியை நெருங்குகிறது. அதற்கு ஈடான உபசாரம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. குறித்த நேரத்தில் அழைத்தார்கள், இரத்தம் எடுத்தவர் வலி தெரியாமல் எடுத்தார், எல்லாச் சோதனைகளும் ஒரே தளத்தில் முடிந்தன, காலை உணவும் கொடுத்தார்கள். கொழுப்பு, சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், இதய மின்வரைவு, டிரெட்மில் ஓட்டம், கால்சியம் ஸ்கேன், இவற்றோடு இதயத்துக்குச் சம்பந்தமே இல்லாத சில புற்றுநோய்க் குறியீட்டுச் சோதனைகளும் அதில் அடக்கம். பட்டியல் நீளமாக இருப்பதால் மட்டும் பரிசோதனை ஆழமாகிவிடாது. அறிகுறி ஏதும் இல்லாத, ஆபத்து குறைந்த ஒருவருக்கு மின்வரைவு எடுத்து இதயநோயைத் தேட வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2018இல் வெளிப்படையாகவே அறிவுறுத்தியது. பயனில்லாத சோதனை வீண்செலவோடு நிற்பதில்லை. தவறான எச்சரிக்கை ஒன்று வந்துவிட்டால் அதைத் துரத்திக்கொண்டு அடுத்தடுத்த சோதனைகளுக்கு அலைய நேரிடும்.

ஒரு வாரத்தில் தடித்த அட்டை போட்ட அறிக்கை வந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் "பத்தாண்டு ஆபத்து: குறைவு" என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த வட்டத்துக்குக் கீழே, கணிப்புக்கு எடுத்துக்கொண்ட விவரங்கள் சிறிய எழுத்தில் வரிசையாக இருந்தன: வயது, பாலினம், மொத்தக் கொழுப்பு, எச்டிஎல் என்னும் நல்ல கொழுப்பு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், நீரிழிவு. அந்த வரிசையில் ஒன்று என்னை நிறுத்தியது. "இனம்: மற்றவர்." பதிவுப் படிவத்தில் நான் தமிழர் என்றும் இந்தியர் என்றும் எழுதிக் கொடுத்திருந்தேன். பிறகு நான் எப்படி "மற்றவர்" ஆனேன்?

பயன்படுத்தப்பட்ட சூத்திரத்தைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது. அது 2013இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட சூத்திரம். அமெரிக்காவில் பல ஆண்டுகள் கண்காணிக்கப்பட்ட வெள்ளையர்களையும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களையும் வைத்து உருவாக்கப்பட்டது. அதன் கணிப்பானில் இனத்துக்கு மூன்றே தெரிவுகள்தாம்: வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், மற்றவர். "மற்றவர்" என்று தட்டினால் அது தனியாக ஒரு கணக்கைப் போடுவதில்லை. வெள்ளையருக்கான கணக்கையே எடுத்துக்கொள்கிறது. ஆக, அந்தப் பச்சை வட்டத்துக்குள் இருந்தது, என் வயதும் என் கொழுப்பளவும் கொண்ட ஓர் அமெரிக்க வெள்ளையருக்கான விழுக்காடு. இதே சூத்திரத்தைத் தங்கள் 2018ஆம் ஆண்டு வழிகாட்டியில் பரிந்துரைத்த அமெரிக்க மருத்துவர்களே, தெற்காசிய வம்சாவளியை ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகத் தனியே குறித்து, கணிப்போடு அதையும் சேர்த்து எடைபோடுமாறு சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குறிப்பு என் அறிக்கையில் எங்கும் இல்லை.

இந்த இடத்தில் சற்று நின்று விளக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதயநோய்க் கணிப்பு எப்படிப் பிறந்தது என்பது தெரியாமல் இந்தக் குறையின் அளவு புரியாது. 1948இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் பதிவுசெய்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று தலைமுறைகள் கடந்தும் கண்காணித்துவருகிறார்கள். உயர் இரத்த அழுத்தமும் கொழுப்பும் புகையும் இதயத்துக்குக் கேடு என்று நாம் இன்று எளிதாகச் சொல்வதற்குப் பின்னால் அந்த ஊர் மக்களின் பங்கு பெரியது. அவர்களுக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ஊரில் அன்று வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையர்கள். அவர்களை வைத்துத் தயாரித்த புள்ளி அட்டவணையை மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோனபோது ஒன்று தெரியவந்தது. யாருக்கு ஆபத்து கூடுதல், யாருக்குக் குறைவு என்று வரிசைப்படுத்துவதில் அட்டவணை ஓரளவு நன்றாகவே செயல்பட்டது. ஆனால் எத்தனை விழுக்காடு என்பதில் பிசகியது. முள் சுழியத்தில் நில்லாத தராசை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கா சந்தையில் அதில் இரண்டு மீன்களை நிறுத்தால் எது பெரியது என்று அது சரியாகத்தான் காட்டும்; ஆனால் நாம் கொடுக்கும் காசு தப்பாகிவிடும்.

சீனாவில் இதைச் சோதித்து 2004இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஃபிரேமிங்ஹாம் அட்டவணை அங்குள்ளவர்களின் ஆபத்தை உள்ளதைவிட மிகுதியாகக் காட்டியது. சீன மக்களின் சராசரி நோய்வீதத்தையும் சராசரிக் கொழுப்பு, இரத்த அழுத்த அளவுகளையும் கொண்டு திருத்தியபின் அது பொருந்திவந்தது. பிரிட்டனிலோ, அங்கு வாழும் தெற்காசியர்களுக்கு அது ஆபத்தைக் குறைத்துக் காட்டியது. அதனால் 2008இல் வந்த அரசாங்க வழிகாட்டி, தெற்காசிய ஆண்களுக்கு வரும் விடையை 1.4ஆல் பெருக்கிக்கொள்ளச் சொன்னது. ஒரே அட்டவணை ஒரு மக்களுக்கு அச்சத்தையும் இன்னொரு மக்களுக்கு அசட்டையையும் தந்திருக்கிறது. நம் தொல்லை இரண்டாவது வகை என்பதால்தான் "குறைவு" என்னும் பச்சை வட்டத்தைக் கண்டு எனக்குக் கவலை கூடியது.

இது சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த செய்தியும் அன்று. பின்னாளில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரான டாக்டர் தம்பு ஜான் தனராஜும் அவருடைய சகாக்களும் சிங்கப்பூரின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளை இனவாரியாக ஆராய்ந்து 1959இலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இங்குள்ள இந்தியர்களிடம் இதயத் தமனி நோய் சீனர்களைவிட மிக அதிகமாக இருப்பதை அது காட்டியது. உலகின் வெவ்வேறு நாடுகளில் வாழும் தெற்காசியர்களின் இதயத்தைப் பற்றி இன்று எழுதப்படும் ஆய்வுகள் பலவற்றுக்கும் முன்னோடி அது. 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு, மாற்றக்கூடிய ஒன்பது காரணிகளே ஏறத்தாழ 90 விழுக்காட்டு மாரடைப்புகளுக்குப் பின்னால் இருப்பதாகக் கண்டது. காரணிகள் எங்கும் அவையேதாம். அதே ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007இல் தனியாக வெளிவந்தபோது, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும் மற்ற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59 வயதிலும் வருவதாகத் தெரிந்தது. நம்மிடம் அந்தக் காரணிகள் இளமையிலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன என்பதே அதற்கு ஆய்வாளர்கள் கண்ட முக்கிய விளக்கம். என் தகப்பனாருக்கு முதல் மாரடைப்பு வந்தபோது வயது 52. தொகுப்பின் சூத்திரத்தில் குடும்ப வரலாற்றுக்கு இடமே கிடையாது. மருத்துவர்தான் அதைக் கேட்டுத் தனியாக எடைபோட வேண்டும். அங்கே அறிக்கையை விளக்கிய மருத்துவர் அதைக் கேட்கவில்லை.

அறிக்கையில் இன்னொரு பிழையும் இருந்தது. என் உடல் எடைக் குறியீடு 24.6. அதை "இயல்பு" என்று எழுதி, 25 வரை இயல்பு என்று காட்டும் வண்ணப்பட்டையையும் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஆசிய மக்களுக்கு நீரிழிவும் இதயநோயும் குறைந்த எடைக் குறியீட்டிலேயே தலைகாட்டுவதை உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துரைத்தது. அதைத் தொடர்ந்து சிங்கப்பூர் 23 முதல் நடுத்தர ஆபத்து, 27.5 முதல் அதிக ஆபத்து என்று தன் எல்லைகளை மாற்றிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. சிங்கப்பூரில் இயங்கும் நிலையம் சிங்கப்பூரின் எல்லையைக்கூடப் போடவில்லை என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. எடைக் குறியீடு மறைக்கும் விஷயத்தை, புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் தம்மையே அளந்து ஒரு படத்தால் காட்டினார்கள். இருவருக்கும் குறியீடு 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் உடல்வாகு நம்முடையது. எனவே இடுப்புச் சுற்றளவை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்னும் ஆசிய எல்லையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். ஆயிரம் வெள்ளித் தொகுப்பில் அளவுநாடாவுக்கு வேலை இருக்கவில்லை.

கால்சியம் ஸ்கேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொகுப்பின் விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். இதயத் தமனிச் சுவரில் படிந்த சுண்ணாம்பை எண்ணிச் சொல்லும் அந்தச் சோதனை நல்ல சோதனை. ஆபத்து நடுத்தரமாக இருந்து மருந்து தொடங்கலாமா என்று தயங்கும் இடத்தில் அது உண்மையில் கைகொடுக்கும். ஆனால் அறிக்கை எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், "உங்கள் வயதினரோடு ஒப்பிடுகையில் உங்கள் நிலை இது" என்று ஒரு தரவரிசையையும் தருகிறது. அந்த ஒப்பீடு, 2000இல் அமெரிக்காவில் தொடங்கி 6,814 பேரைப் பதிவுசெய்த மெசா ஆய்விலிருந்து வருகிறது. பல இன ஆய்வு என்றே அதற்குப் பெயர். அதில் உள்ளவர்கள் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், ஹிஸ்பானியர், சீன அமெரிக்கர் ஆகிய நான்கு பிரிவினர், தெற்காசியர் இல்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் 2010இல் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்திலும் சிக்காகோவிலும் வாழும் தெற்காசியர்களைக் கொண்டு மசாலா என்னும் தனி ஆய்வு தொடங்கப்பட்டது. என் அறிக்கையின் தரவரிசை எந்தப் பிரிவினரோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்டது என்று நிலையத்தில் கேட்டேன். முகப்பில் இருந்தவருக்கும் தெரியவில்லை. பின்னர் வந்த மின்னஞ்சல் பதிலிலும் அது இல்லை.

இப்போது குடும்ப மருந்தகம். ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஒரு மருந்தகத்தைத் தெரிந்தெடுத்துப் பதிந்துகொள்கிறார்கள். பதிந்த குடிமக்களுக்கு ஸ்க்ரீன் ஃபார் லைஃப் பரிசோதனைகள் இலவசம். இரத்தக் கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், எடை ஆகியவைதாம் அதன் இதயப் பகுதி. பார்ப்பதற்கு எளிய பட்டியல். நாற்காலிகள் நெருக்கமானவை, காத்திருப்பு நீளமானது, வரிசை எண்ணை அழைக்கும் திரை பாதி நேரம் வேலை செய்யவில்லை. இந்தக் குறைகளைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் உள்ளே நடந்தது வேறு தரம். தாதி என்னை நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காரவைத்து, "அங்கிள், கால்மேல கால் போடாதீங்க, அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு கையை இதயத்தின் மட்டத்துக்கு மேசையில் வைத்து ஒருமுறை, சற்று இடைவெளி விட்டு இன்னொரு முறை என்று அழுத்தத்தை அளந்தார். தனியார் நிலையத்தில் மின்தூக்கியிலிருந்து இறங்கி நடந்துவந்த கையோடு ஒரே தடவை அளந்திருந்தார்கள். கணிப்புச் சூத்திரத்துக்குள் போகும் எண்களில் இரத்த அழுத்தமும் ஒன்று. அது பிசகினால் விடையும் பிசகும். அடுத்ததாக அளவுநாடா வந்தது.

மருத்துவர் தமிழ்ப் பெண்மணி. முடிவுகள் வந்த நாளில் அவர் முதலில் கேட்ட கேள்வியே, "அப்பாவுக்கு இதயப் பிரச்சினை எந்த வயதில் வந்தது?" என்பதுதான். சொன்னேன். ஆண் உறவினருக்கு 55 வயதுக்குள்ளும் பெண் உறவினருக்கு 65 வயதுக்குள்ளும் வந்திருந்தால் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று விளக்கி, உடன்பிறந்தவர்களைப் பற்றியும் கேட்டார். பிறகு திரையை என் பக்கம் திருப்பி, சிங்கப்பூருக்கென்று திருத்தப்பட்ட ஃபிரேமிங்ஹாம் கணிப்பைக் காட்டினார். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று அதில் தனித்தனியே தெரிவுகள் உண்டு. இங்குள்ள சுகாதார அமைச்சும் மருத்துவமனையும் பல்கலைக்கழகமும், ஃபிரேமிங்ஹாம் ஆய்வின் புள்ளியியலாளர் ரால்ஃப் டி'அகோஸ்டினோவோடு சேர்ந்து, சிங்கப்பூர் மக்களின் தரவுகளைக் கொண்டு அந்தப் பழைய அட்டவணையைத் திருத்தினார்கள். 2006ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே ஒரே புள்ளிக்கு மூன்று இனத்தவருக்கும் மூன்று வெவ்வேறு விழுக்காடுகள் தரப்பட்டிருந்தன. அமைச்சின்கீழ் இயங்கும் ஏஸ் முகவை 2023 டிசம்பரில் வெளியிட்ட கொழுப்புச் சிகிச்சை வழிகாட்டியில் அதன் புதுப்பித்த வடிவம் இருக்கிறது.

அதே வயது, அதே பாலினம், ஏறத்தாழ அதே கொழுப்பளவுகள். விடை "குறைவு" என்னும் கட்டத்தைத் தாண்டி நடுத்தரக் கட்டத்தில் போய் நின்றது. இரண்டு விழுக்காடுகளையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக்கூடாது என்று மருத்துவரே எச்சரித்தார். எந்தச் சூத்திரம் எந்த நிகழ்வுகளை எண்ணுகிறது என்பது ஒன்றுக்கொன்று மாறும். பழைய ஃபிரேமிங்ஹாம் அட்டவணை மாரடைப்பையும் இதயத் தமனி நோய் மரணத்தையும் மட்டுமே எண்ணியது, 2013 சூத்திரம் பக்கவாதத்தையும் சேர்த்தது, 2023இன் அமெரிக்கச் சூத்திரம் இதயச் செயலிழப்பையும் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் ஒன்று "கவலை வேண்டாம், மூன்று ஆண்டு கழித்து வாருங்கள்" என்றும் மற்றொன்று "உட்கார்ந்து பேசுவோம்" என்றும் சொல்கிறபோது, நோயாளியின் வாழ்க்கையில் அந்த வேறுபாடு உண்மையானது.

பேச்சு நீண்டது. மருந்தை உடனே எழுதிக் கொடுத்துவிடவில்லை. லிப்போபுரோட்டீன் ஏ என்னும் கொழுப்புத் துகளை ஒருமுறை அளந்து பார்க்கலாம் என்றார். அது பெரும்பாலும் மரபணுவால் தீர்மானிக்கப்படுவது. உணவாலும் உடற்பயிற்சியாலும் அவ்வளவாக மாறாது. உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது மிகுந்திருக்கிறது. சீனர்களைவிடத் தெற்காசியர்களிடம் அதன் அளவு பொதுவாகக் கூடுதல்; இன்டர்ஹார்ட்டில் பங்கேற்றவர்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, அது மாரடைப்போடு கொண்ட தொடர்பு தெற்காசியர்களிடம் குறிப்பாக வலுவாக இருப்பதைக் காட்டியது. வாழ்நாளில் ஒருமுறையேனும் அதை அளக்குமாறு ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டி அதே ஆண்டில் சொல்லியிருக்கிறது. இலவசப் பரிசோதனைப் பட்டியலில் இது இல்லை, காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆயிரம் வெள்ளித் தொகுப்பிலும் இது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கே புற்றுநோய்க் குறியீடுகளுக்கு இடம் இருந்தது, நம்மவருக்கு அதிகம் பொருந்தும் இந்த ஒரு சோதனைக்கு இடம் இருக்கவில்லை.

இந்தச் சேவையின் குறை எது என்றால், விழுக்காட்டைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. எனக்குக் கிடைத்த மருத்துவர் தாமாகவே காட்டினார். என் மைத்துனருக்கு வேறொரு மருந்தகத்தில் "கொழுப்பு கொஞ்சம் கூட, எண்ணெயைக் குறைங்க" என்பதோடு முடிந்துவிட்டது. ஒரே திட்டம், ஒரே வழிகாட்டி. ஆனால் மருத்துவருக்கு மருத்துவர் அனுபவம் மாறுகிறது. என் மனைவிக்குக் கர்ப்பக் காலத்தில் நீரிழிவு வந்திருந்தது. கர்ப்பக்கால நீரிழிவும் கர்ப்பக்கால உயர் இரத்த அழுத்தமும் பிற்காலத்தில் இதயநோய் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆனாலும் அதை இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை. அவரே சொன்ன பிறகுதான் குறித்துக்கொண்டார்கள். சகோதரிகளே, அதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

வீட்டிலிருந்தே பயன்படுத்தக்கூடிய இலவசக் கணிப்பான்களையும் முயன்று பார்த்தேன். பிரிட்டனின் கியூரிஸ்க் இவற்றில் மிக விரிவானது. 25 வயது முதல் 84 வரை உள்ளவர்களுக்கானது. இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேஷியர், பிற ஆசியர், சீனர் என்று தனித்தனித் தெரிவுகள் தருகிறது. குடும்ப வரலாற்றையும் கேட்கிறது. வசிப்பிடத்தின் வறுமை நிலையையும் அது சேர்த்துக்கொள்ளும் என்றாலும், பிரிட்டிஷ் அஞ்சல் குறியீடு இல்லாத நாம் அந்தக் கட்டத்தை விட்டுவிட வேண்டியதுதான். நம்மைப் போன்றவர்களை எண்ணிப் பார்த்த கருவி என்ற மதிப்பு எனக்கு அதன்மேல் உண்டு. ஆனால் அது லெஸ்டரிலும் லண்டனிலும் வாழும் இந்தியர்களின் கணக்கு, தோபாயோவில் வாழ்பவர்களுடையது அன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் உலகை 21 வட்டாரங்களாகப் பிரித்து வெளியிட்ட அட்டவணைகளில் இரத்தச் சோதனை இல்லாமலே பார்க்கக்கூடிய வடிவமும் இருக்கிறது. ஊரில் ஆய்வக வசதி குறைந்த உறவினர்களுக்கு அது உதவும்.

அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் வெளியிட்ட பிரிவென்ட் சூத்திரமோ இனம் என்னும் கேள்வியையே எடுத்துவிட்டது. இனம் என்பது சமூகம் வைத்த பெயர், உடலின் கூறு அன்று என்பது அவர்கள் வாதம். அதற்குப் பதில் சிறுநீரகச் செயல்பாடு போன்ற அளவுகளைச் சேர்த்திருக்கிறார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். சிங்கப்பூரின் "இந்தியர்" என்ற ஒரே கட்டத்துக்குள் நான்காம் தலைமுறைத் தமிழரும், சென்ற ஆண்டு வேலைக்கு வந்த இளைஞரும், பஞ்சாபியரும், சிந்தியரும் ஒன்றாக அடைக்கப்படுகிறார்கள். பிரிட்டனின் தரவுகளிலேயே இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேஷியர் ஆகியோரின் ஆபத்து ஒரே அளவில் இல்லை. ஆனால் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் இருக்கும் உண்மையான காரணங்களை, வயிற்றுக் கொழுப்பையும் இளவயது நீரிழிவையும் லிப்போபுரோட்டீனையும் நேரடியாக அளந்து சூத்திரத்துக்குள் கொண்டுவரும் வரை, கட்டத்தை எடுத்துவிட்டால் இழப்பு நமக்குத்தான். கருவி நம்மைக் கேட்காமல் இருப்பதும், கேட்டுவிட்டு "மற்றவர்" என்று எழுதிக்கொள்வதும் விளைவில் ஒன்றாகிவிடும்.

தரவு நம்மிடமிருந்தே வந்தால்தான் இது தீரும். சென்னை, டெல்லி, கராச்சி ஆகிய நகரங்களின் மக்களை 2010 முதல் கண்காணிக்கும் கார்ஸ் ஆய்வும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளி ஏறத்தாழ பத்தாயிரம் சிங்கப்பூரர்களைக் கொண்டு நடத்தும் ஹீலியோஸ் ஆய்வும், இங்குள்ள பல ஆய்வுகளை இணைத்து நூறாயிரம் பேரின் மரபணுத் தகவலைத் திரட்டும் எஸ்ஜி100கே முயற்சியும் அந்தத் திசையில் செல்பவை. மரபணுவை வைத்து இதய ஆபத்தைச் சொல்லும் சோதனைகளும் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் மிகப் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், மேலே சொன்ன அதே குறை அங்கே இன்னும் பெரிதாக இருக்கிறது. அவற்றுக்கு இப்போதைக்குக் காசு கொடுக்க நான் யாரையும் தூண்ட மாட்டேன். எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு மிக உயர்ந்து குடும்பமாக வரும் மரபுக் கோளாறுக்கான சோதனை அப்படிப்பட்டதன்று. அது தனிப்பட்ட ஒரு மரபணுப் பிழையைத் தேடுவது, சுகாதார அமைச்சும் 2025இல் அதற்கென்று தேசியத் திட்டம் தொடங்கியிருக்கிறது.

யாருக்கு எது என்று கேட்டால், நாற்பதைத் தாண்டிய சிங்கப்பூர்க் குடிமக்கள் முதலில் தங்கள் ஹெல்தியர் எஸ்ஜி மருந்தகத்துக்கே செல்லலாம். முடிவு பார்க்கும் நாளில், பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இதயநோய் வந்த வயதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், "சிங்கப்பூர்க் கணிப்பில் இந்தியர் என்று போட்டு என் விழுக்காட்டைச் சொல்லுங்கள், டாக்டர்" என்று கேளுங்கள். இலவசப் பரிசோதனை குடிமக்களுக்குத்தான் என்பதால், நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் சொந்தக் காசில் செய்ய வேண்டியிருக்கும். அவர்களும் ஒரு குடும்ப மருத்துவரிடம் கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், லிப்போபுரோட்டீன் ஏ ஆகியவற்றை மட்டும் கேட்டு எடுத்தால், தொகுப்பின் விலையில் சிறு பங்கோடு முடிந்துவிடும். தனியார் தொகுப்பைத்தான் எடுப்பது என்று முடிவுசெய்தவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்பே எந்தச் சூத்திரம், எந்த இனத் தெரிவு, எடைக்கு எந்த எல்லை என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் போன நிலையத்தில் பதிலுக்கு ஒரு வாரம் ஆனது; அந்த ஒரு வாரம் காத்திருந்துவிட்டு முன்பதிவு செய்வது நல்லது.